துண்டு காய்ந்தால்தான் மதிப்பெண்

ஆறு குளியல் துண்டுகளை எடை போட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். அவற்றை மெஷினில் துவைத்து, குறித்த நேரத்துக்குள் உலர்த்தி, மறுபடி தராசில் வைக்க வேண்டும். எடை பழைய அளவுக்கு இறங்கியிருந்தால் முழு மதிப்பெண். ஈரம் மிச்சமிருந்தால் குறையும். இன்னொரு பக்கம் அடுப்பில் இரண்டேகால் கிலோ தண்ணீர் கொதிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் அத்தனையும் ஆவியாகிவிட வேண்டும். அது சமையலுக்கான தேர்வு. ஃபிரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானி, கூடத்தில் ஒரு வெப்பமானி, காற்றின் ஈரப்பதத்தைப் பார்க்க ஒரு கருவி. ராத்திரி அக்கம்பக்கத்து வீட்டாரை அழைத்து விருந்து வைக்க வேண்டும். சாப்பிட்டவர்கள் மதிப்பெண் போடுவார்கள்.

கட்டடக்கலையும் பொறியியலும் படிக்கும் மாணவர்களுக்கு, அவர்களே வரைந்து அவர்களே கட்டிய வீட்டுக்குள் நடக்கும் தேர்வு இது. பெயர் சோலார் டெகாத்லான். மேலே சொன்னவை 2011-இல் வாஷிங்டனில் நடந்த போட்டியின் விதிகள். அந்த விதிகளை நான் என் மாணவர்களுக்குப் பாடமாகவே நடத்துகிறேன். வீடு என்றால் என்ன என்பதை அவ்வளவு தெளிவாகச் சொல்லும் பாடநூல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அமெரிக்க எரிசக்தித் துறை 2002-இல் இதைத் தொடங்கியது. அங்கே பணியாற்றிய ரிச்சர்ட் கிங் என்பவரின் யோசனை. வாஷிங்டன் நகரின் நடுவே, நேஷனல் மால் என்ற பெரிய புல்வெளியில் 14 பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் வந்து ஆளுக்கொரு சிறு வீட்டை எழுப்பினார்கள். வெயிலிலிருந்து கிடைக்கும் ஆற்றலை மட்டும் வைத்து அந்த வீட்டில் விளக்கெரிய வேண்டும், சமைக்க வேண்டும், துவைக்க வேண்டும், வெந்நீர் வர வேண்டும். பத்துப் பிரிவுகளில் மதிப்பெண். கொலராடோ பல்கலைக்கழகம் முதலிடம் பெற்றது. அதற்குப் பிறகு போட்டி நாடு நாடாகப் பரவியது. 2010-இல் ஸ்பெயினின் மாட்ரிட், 2013-இல் சீனாவின் டாடோங், 2015-இல் கொலம்பியாவின் காலி, 2018-இல் துபாய், 2019-இல் மொராக்கோ என்று இன்று உலகத்தின் பெரும் பகுதியில் இதன் பதிப்புகள் நடந்திருக்கின்றன.

இந்தப் போட்டியைப் பற்றித் தமிழில் எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தவள். திருச்சிப் பக்கம் ஓர் ஆர்க்கிடெக்சர் கல்லூரியில் ‘பில்டிங் சர்வீசஸ்’ பாடம் எடுக்கிறேன். தண்ணீர்க் குழாய், கழிவுநீர், மின்சாரம், காற்றோட்டம், ஏசி, லிஃப்ட், தீத்தடுப்பு எல்லாம் அதற்குள் அடங்கும். வருங்கால ஆர்க்கிடெக்ட்டுகள் நடுவில் ஓர் இன்ஜினீயராக நிற்பதால், இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒருவரையொருவர் எவ்வளவு குறைவாக அறிந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தினமும் தெரிகிறது.

தனித்தனிக் கட்டடத்தில் படிப்பு

நம் நாட்டில் ஆர்க்கிடெக்சர் ஐந்து வருடப் படிப்பு. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கட்டடக்கலைக் கவுன்சில் அதை நெறிப்படுத்துகிறது. அந்தப் படிப்பின் உயிர் ‘ஸ்டுடியோ’. ஒரு பருவத்துக்கு ஒரு கட்டடம் என்று தலைப்புக் கொடுப்பார்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை, பேருந்து நிலையம் என்று வருடத்துக்கு வருடம் அளவு பெரிதாகும். மாணவர் இடத்தைப் போய்ப் பார்த்து, வரைந்து, அட்டையில் மாடல் செய்து, கடைசியில் ஜூரியின் முன் நின்று விளக்குவார். வெளியிலிருந்து வந்த ஆர்க்கிடெக்ட்டுகள் கேள்வி கேட்பார்கள். ராத்திரி முழுக்க விழித்து ஷீட் முடிக்காத ஆர்க்கிடெக்சர் மாணவரை நான் பார்த்ததில்லை. அந்த உழைப்பின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

ஆனால் அந்த உழைப்பு பெரும்பாலும் தனியாள் உழைப்பு. தூண் எங்கே நிற்கும் என்பதை சிவில் மாணவரோடு உட்கார்ந்து பேசாமல், ஏசி எந்த வழியாகப் போகும் என்பதை மெக்கானிக்கல் மாணவரிடம் கேட்காமல் ஐந்து வருடமும் ஓடிவிடலாம். அந்தப் பக்கமும் அப்படித்தான். பீமின் வளைவைக் கணக்குப் போடத் தெரிந்த சிவில் மாணவருக்கு, அந்த பீமுக்குக் கீழே ஒரு குடும்பம் கட்டில் போட்டுத் தூங்கப்போகிறது என்ற நினைப்பை யாரும் கொடுப்பதில்லை.

இதன் விலையை வீடு கட்டிய எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள். பெயின்ட் அடித்து முடித்த சுவரை ஏசியின் செப்புக் குழாய்க்காக மறுபடி உடைக்கிறோம். பீமில் துளை போடுகிறோம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்த பிறகு, சோலார் தகடு வைக்கப் பார்த்திருந்த இடத்தில் தொட்டியின் நிழல் விழுவதைக் கவனிக்கிறோம். வேலையில் திறமை இல்லாததால் இவை நடப்பதில்லை. திறமையுள்ள நான்கு பேர் நான்கு வெவ்வேறு நாள்களில் வந்து போனதால் நடக்கின்றன.

உப்புநீர் அருவி

2011-ஆம் ஆண்டுப் போட்டியில் 19 வீடுகள் நின்றன. முதலிடம் பெற்றது மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் ‘வாட்டர்ஷெட்’. ஆயிரத்துக்கு 951 மதிப்பெண். பல துறைகள் ஒரே வீட்டில் சேர்வது எப்படி என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வீட்டைத்தான்.

மேரிலாண்டுக்குப் பக்கத்தில் செசபீக் என்ற பெரிய விரிகுடா இருக்கிறது. ஊர்களிலிருந்தும் வயல்களிலிருந்தும் ஓடிவரும் நீர் அதை மாசுபடுத்துவது அந்தப் பகுதியின் நீண்டகாலக் கவலை. மாணவர்கள் அந்தக் கவலையிலிருந்தே வீட்டைத் தொடங்கினார்கள். இரண்டு கூரைகளும் உள்பக்கமாகச் சரிந்து மழைநீரை நடுவில் இறக்குகின்றன. குளியலறையிலும் துணி துவைக்கும் இடத்திலும் பயன்பட்ட நீர், வீட்டோடு சேர்ந்த ஒரு சிறு சதுப்புத் தோட்டத்தின் வழியாகப் போய்ச் சுத்தமாகிறது. எந்தச் செடி எந்த அழுக்கை எடுக்கும் என்பதைத் தாவரவியல் படித்தவர்கள் சொல்ல வேண்டும். அந்தத் தோட்டத்தின் பாரத்தையும் சரிவையும் இன்ஜினீயர்கள் பார்க்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் அது அழகான தோட்டமாகவும் தெரிய வேண்டும். அது ஆர்க்கிடெக்ட்டின் வேலை. ஒரே தோட்டம், மூன்று துறை.

அந்த வீட்டுக்குள் ஓர் அருவியும் இருந்தது. அதில் இறங்கியது லித்தியம் குளோரைடு என்ற உப்பைக் கரைத்த நீர். ஐப்பசி மழையில் அடுக்களை உப்பு ஜாடி கசிவதை எல்லோரும் பார்த்திருப்போம். உப்புக்குக் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. லித்தியம் குளோரைடுக்கு அந்தக் குணம் மிக அதிகம். அருவியாக இறங்கும்போது அறைக் காற்றின் ஈரத்தை அந்தக் கரைசல் வாங்கிக்கொள்ளும். பிறகு வெயிலில் சூடான நீரின் வெப்பத்தைக் கொடுத்து அந்த ஈரத்தை வெளியே விரட்டிவிட்டு, கரைசலை மறுபடி அருவிக்கு அனுப்புவார்கள்.

இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். சாதாரண ஏசி, காற்றின் ஈரத்தைப் பிரிக்கக் காற்றை மிகவும் குளிரவைக்கிறது. குளிர்ந்த சுருளின் மேல் நீர் துளித்து, நம் வீட்டுச் சுவரோரக் குழாயில் சொட்டுகிறதே, அந்தச் சொட்டுக்கு மின்சாரம் செலவாகிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு இந்த ஈரத்தைப் பிரிப்பதற்கே போகிறது. ஈரத்தை வெயிலின் சூட்டை வைத்தே விரட்ட முடிந்தால் மின்சாரம் மிச்சம். இதை ஓர் இயந்திரப் பெட்டிக்குள் ஒளித்துவைக்காமல், வீட்டுக்கு வருகிறவர் நின்று பார்க்கும் அருவியாக ஆக்கியது வெறும் மெக்கானிக்கல் மூளை அல்ல, வெறும் ஆர்க்கிடெக்சர் மூளையும் அல்ல. அந்த வருடம் போட்டி நாள்களில் வானம் பெரும்பாலும் மூடியே இருந்தது. அப்படியும் வீட்டுக்குள் சுமார் 22 முதல் 24 டிகிரிக்குள் வெப்பத்தையும், 60 சதவீதத்துக்குக் கீழே ஈரப்பதத்தையும் வைத்திருப்பது விதி.

அதே போட்டியில் நான்காம் இடம் பெற்ற மிடில்பரி கல்லூரியையும் சொல்லியாக வேண்டும். வெர்மான்ட் மாநிலத்திலுள்ள அந்தக் கலை அறிவியல் கல்லூரியில் தனிக் கட்டடக்கலைப் பள்ளியும் கிடையாது, பொறியியல் பள்ளியும் கிடையாது. பெரிய பொறியியல் பல்கலைக்கழகங்கள் பலவற்றைவிட அவர்கள் முன்னே வந்தார்கள். ஒரு வீடு எதற்கு, அதில் யார் இருப்பார்கள், அதை மற்றவர்களுக்கு எப்படி விளக்குவது என்ற கேள்விகளுக்கும் போட்டியில் மதிப்பெண் இருந்தது. அந்தப் பிரிவுகளில் அவர்கள் வலுவாக இருந்தார்கள்.

எல்லை தாண்டிய வீடுகள்

நாடுகள் சேரும்போது இன்னொரு விதமான படிப்பு நடக்கிறது. 2011-இல் மூன்றாம் இடம் பெற்றது நியூசிலாந்தின் விக்டோரியா பல்கலைக்கழகம். உலகத்தின் மறுகோடியிலிருந்து கப்பலில் வீட்டைக் கொண்டுவந்தார்கள். கன்டெய்னரில் அடங்காத சுவர், எவ்வளவு அழகாக இருந்தாலும் வர முடியாது. ஆகவே கப்பல் கம்பெனியின் அளவும் கிரேனின் வீச்சும் வரைபடத்துக்குள் வந்துவிடுகின்றன. அவர்கள் நாட்டில் கடலோரத்தில் விடுமுறைக்குப் போய்த் தங்கும் எளிய வீடுகளின் சாயலில் கட்டியிருந்தார்கள். சுவருக்குள் வெப்பத் தடுப்பாக ஆட்டு ரோமம். துணி உலர்த்த ஒரு தனி அலமாரி. வெயிலில் சூடான நீரின் வெப்பம் அதற்குள் போகும். அந்த ஆறு துண்டுகளை உலர்த்த மின்சார டிரையர் தேவையில்லை.

2014-இல் பிரான்ஸின் வெர்சாய் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் 20 அணிகள் இருந்தன. இந்தியாவிலிருந்து முதன்முதலாக ஓர் அணி போனது அந்த வருடம்தான். பெயர் ‘டீம் ஷூன்யா’. மும்பை ஐஐடியும், மும்பையின் ரச்னா சன்சத் கட்டடக்கலைக் கல்லூரியும் சேர்ந்த அணி. ஐஐடியின் இன்ஜினீயரிங் மாணவர்களும் ஆர்க்கிடெக்சர் மாணவர்களும் ஒரே வீட்டின் மேல் கை வைத்தார்கள். ஒரே ஊரில் இருக்கும் இரண்டு நிறுவனங்கள் சேர, வெர்சாயில் நடந்த ஒரு போட்டி காரணமாயிற்று.

அதே மைதானத்தில் ‘டெக்ஸ்டைல் ஹவுஸ்’ என்று ஒரு வீடு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளி, பிரவுன் பல்கலைக்கழகம், ஜெர்மனியின் எர்ஃபுர்ட் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து கட்டியது. பெயர் சொல்வதுபோல அதன் மேலுறை துணி. கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசிய துணியை, வளைந்த எஃகு விலாக்களின் மேல் இழுத்துக் கட்டி, உள்ளே கனமான வெப்பத் தடுப்பு வைத்திருந்தார்கள். கூடாரம் மாதிரித் தெரியும் அந்த வீடு, ஜெர்மனியில் பிறந்த ‘பாசிவ் ஹவுஸ்’ என்ற மிகக் கடுமையான ஆற்றல் சிக்கன அளவுகோலுக்கு வடிவமைக்கப்பட்டது. துணியைத் தெரிந்தவர்கள், வளைவைக் கணக்கிடத் தெரிந்தவர்கள், காற்றுக் கசிவை அடைக்கத் தெரிந்தவர்கள் என்று மூன்று கூட்டமும் சேராமல் அது எழும்பியிருக்காது. போட்டி முடிந்ததும் அந்த வீடு பிரான்ஸிலேயே புவாபுஷே என்ற இடத்தில், வடிவமைப்புப் பயிலரங்குகள் நடக்கும் ஒரு பண்ணை வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

2018-இல் சீனாவின் டெசௌ நகரில் முதலிடம் பெற்றதும் ஒரு கூட்டணிதான். தென்சீனத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இத்தாலியின் டூரின் பாலிடெக்னிக்கும் சேர்ந்து கட்டிய வீடு. 2022-இல் ஜெர்மனியின் வுப்பர்டாலில் இஸ்தான்புல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் லூபெக் நகரின் கல்லூரியும் ஓர் அணியாக வந்தன. அங்கே எழுந்த 16 வீடுகளில் 8 வீடுகளைப் பிரிக்காமல் அங்கேயே நிறுத்தி, தொடர்ந்து அளந்து பார்க்கும் ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டார்கள்.

ஃபேன் எங்கே வரும்?

இவ்வளவு பெரிய அளவில் இல்லாவிட்டாலும், என் வகுப்பிலும் ஒரு கூட்டுப் பயிற்சி நடத்துகிறேன். எங்கள் ஆர்க்கிடெக்சர் மாணவர்களோடு பக்கத்து இன்ஜினீயரிங் கல்லூரியின் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் மாணவர்கள் சேர்வார்கள். ஒரு பருவம் ஜெர்மனியிலுள்ள ஒரு கல்லூரியின் மாணவர்களும் இணையம் வழியே சேர்ந்தார்கள். பணி சின்னதுதான்: திருச்சியில் மேற்குப் பார்த்த ஒரு படுக்கையறை. ஏப்ரல் மாதத்தில் அதில் ஒரு குடும்பம் எப்படித் தூங்கும்?

அந்தக் குழுக்கள் ஒரே முப்பரிமாண மாடலைக் கம்ப்யூட்டரில் பகிர்ந்துகொண்டன. ஒருவர் பீமை நகர்த்தினால் எல்லோருக்கும் தெரியும். ஜெர்மன் மாணவர்கள் சுவரின் வெப்பத் தடுப்பைக் கணக்கிட்ட நேர்த்தியைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் அசந்துபோனார்கள். நம்மூரில் கூரைக்கு மேலே வெள்ளை ஓடு பதித்ததோடு பேச்சு முடிந்துவிடும். அவர்கள் சுவர், தரை, ஜன்னல் சட்டம் என்று வெப்பம் நுழையும் ஒவ்வொரு வழியையும் எண்ணாக எழுதினார்கள்.

பிறகு எங்கள் எலக்ட்ரிக்கல் மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். “மேடம், அவங்க டிராயிங்ல ஃபேனுக்கு இடமே இல்ல. காங்கிரீட் போட்டதுக்கு அப்புறம் ஃபேன் பாக்ஸ் எப்படி வைக்கிறது?” என்றாள்.

“அவங்க கிட்டயே கேளும்மா” என்றேன்.

கேட்டாள். தளம் போடும் நாளுக்கு முன்பே கம்பியோடு ஃபேன் பாக்ஸைக் கட்டிவைக்க வேண்டும் என்பதைத் திரையில் படம் போட்டுக் காட்டினாள். அதற்குக் கட்டில் எங்கே வரும், பரண் எங்கே வரும், பீம் எவ்வளவு இறங்கும் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். ஃபேன் கட்டிலுக்கு நேர்மேலே இல்லாமல் பரணுக்கு அடியில் சுற்றினால் யாருக்கும் காற்று வராது. ஜெர்மன் மாணவர்களுக்கு அது புதிய உலகம். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்குவதைப் பற்றி அவர்கள் நிறையப் படித்திருந்தார்கள். உடம்பின் மேல் காற்று வீசினால், அறையின் சூடு குறையாமலே 2 அல்லது 3 டிகிரி குறைந்ததுபோல் சுகமாக இருக்கும் என்ற விஷயம் அவர்கள் கணக்கில் இல்லை.

அங்கிருந்து பேச்சு வளர்ந்தது. மனிதருக்கு எது சுகமான வெப்பம்? வாஷிங்டன் போட்டியின் விதி 22 முதல் 24 டிகிரி என்கிறது. அது மூடிய, குளிரூட்டிய அறைகளை மனத்தில் வைத்த அளவு. ஆமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் சென்னை உட்பட ஐந்து இந்திய நகரங்களின் அலுவலகங்களில் மக்களைக் கேட்டு, அளந்து, 2014-இல் ஓர் இந்தியக் கணக்கை வெளியிட்டது. ஜன்னல் திறந்து, ஃபேன் சுற்றும் இடங்களில் நம் மக்கள் அதைவிடக் கணிசமாக அதிக வெப்பத்திலும் சுகமாகவே இருக்கிறார்கள் என்பது அதன் முடிவு. 2016-ஆம் ஆண்டு தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் அது இடம்பெற்றது. இந்தத் தகவலை எங்கள் மாணவர்கள் அவர்களுக்குக் கொடுத்தார்கள். கோடை ஐரோப்பாவிலும் கடுமையாகிவரும் இந்தக் காலத்தில் அது அவர்களுக்குத் தேவையான தகவல்.

நாடுகள் சேர்ந்து படிப்பதில் நான் கண்ட பயன் இதுதான். பணக்கார நாட்டிலிருந்து அறிவு இறங்கிவருகிறது என்று நினைத்து உட்கார்ந்தால் பாதிப் பாடம் போய்விடும். சுவரை அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள், காற்றை நாம் கற்றுக்கொடுத்தோம். அறை ஒன்று என்பதால் இரண்டும் சேர முடிந்தது.

கொத்தனாரும் குழுவில் உண்டு

வங்காளதேசத்தின் தினாஜ்பூர் மாவட்டத்தில் ருத்ராபூர் என்ற கிராமம். ஜெர்மனியைச் சேர்ந்த ஆன்னா ஹெரிங்கர் பத்தொன்பது வயதில் அந்தப் பகுதியில் தொண்டு வேலைக்குப் போனவர். பிறகு ஆஸ்திரியாவின் லின்ஸ் கலைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து, அந்தக் கிராமத்துக்கு ஒரு பள்ளிக்கூடத்தைத் தன் இறுதியாண்டுப் பணியாக வரைந்தார். அது காகிதத்தோடு நிற்கவில்லை. அய்கே ரோஸ்வாக் என்ற ஆர்க்கிடெக்ட்டோடு சேர்ந்து, தீப்சிகா என்ற உள்ளூர்த் தொண்டு அமைப்பின் துணையோடு, 2005-இல் கிராமத்து ஆட்களின் கையாலேயே கட்டினார். கீழ்த்தளம் மண், மேல்தளம் மூங்கில். மண்ணையும் வைக்கோலையும் மாடுகளை மிதிக்கவிட்டுப் பிசைந்து, சுவரை அடுக்கடுக்காக எழுப்பி, ஓரத்தை மண்வெட்டியால் செதுக்கினார்கள்.

மண் வீடு கட்ட அந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளியிலிருந்து போனது இரண்டு மூன்று விஷயங்கள்தாம்: செங்கல் அஸ்திவாரம், தரை ஈரம் சுவருக்கு ஏறாமல் தடுக்கும் அடுக்கு, மூங்கிலை இணைக்கும் முறை. மண் சுவரை அரிப்பதில் அடியிலிருந்து ஏறும் ஈரத்துக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால், அந்தச் சிறு மாற்றம் கட்டடத்தின் ஆயுளையே மாற்றுகிறது. 2007-இல் அந்தப் பள்ளிக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. அதன் தொடர்ச்சியாக லின்ஸ் மாணவர்களும் டாக்காவின் பிராக் பல்கலைக்கழக மாணவர்களும் அந்த ஊர் இளைஞர்களோடு சேர்ந்து, விளைநிலத்தை விழுங்காத இரண்டடுக்கு மண் வீடுகளைக் கட்டினார்கள். மேஸ்திரியும் மூங்கில் வேலைக்காரரும் அங்கே ஆசிரியர்கள். பல துறை என்று பேசும்போது பட்டம் உள்ளவர்களை மட்டும் எண்ணிக்கொள்ளக் கூடாது என்பதற்கு ருத்ராபூர் நல்ல சாட்சி.

செலவு யாருக்கு?

சோலார் டெகாத்லானின் மேல் நியாயமான ஒரு குறை உண்டு. வெயிலில் இயங்கும் அழகான வீடு, ஆனால் சாதாரணக் குடும்பம் வாங்க முடியாத விலை. ஆரம்ப வருடங்களில் இது வெளிப்படையாகவே தெரிந்தது. ஆகவே 2011-இல் செலவையும் ஒரு போட்டிப் பிரிவாக்கினார்கள். வீட்டின் மதிப்பு இரண்டரை லட்சம் டாலருக்குள் இருந்தால்தான் முழு மதிப்பெண்.

அந்தப் பிரிவில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்ட வீடுகளில் ஒன்று ‘எம்பவர்ஹவுஸ்’. நியூயார்க்கின் பார்சன்ஸ் வடிவமைப்புப் பள்ளியும், ஸ்டீவன்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும், சமூகக் கொள்கை படிக்கும் மாணவர்களும் சேர்ந்த அணி. இவர்கள் போட்டிக்காக ஒரு வீட்டைக் கட்டிவிட்டுக் குடியிருக்க ஆள் தேடவில்லை. வாஷிங்டனின் டீன்வுட் பகுதியில், ‘ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி’ அமைப்போடு சேர்ந்து, குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கான வீட்டை முதலிலேயே திட்டமிட்டார்கள். போட்டி முடிந்ததும் அந்த வீடு அங்கே போய், இரண்டு குடும்பங்கள் வாழும் வீடாயிற்று. கடன் எவ்வளவு கட்ட முடியும், மாத மின்கட்டணம் எவ்வளவு தாங்கும் என்று கேட்க அந்தக் குழுவில் ஆள் இருந்ததால்தான் அது நடந்தது. துறைகள் பல இருப்பதன் பலன், யாரோ ஒருவர் கேட்க மறந்த கேள்வியை இன்னொருவர் கேட்பது.

இங்கே என்ன செய்யலாம்?

இந்தியாவில் 2020 முதல் சோலார் டெகாத்லான் இந்தியா நடக்கிறது. இந்திய மனிதக் குடியிருப்புகள் நிறுவனமும், ஆற்றல் சிக்கனத்துக்கான ஒரு கூட்டமைப்பும் சேர்ந்து நடத்துகின்றன. இங்கே வீட்டைக் கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. உண்மையாகக் கட்டப்போகும் ஒரு திட்டத்தை எடுத்து, அதன் உரிமையாளரோடு பேசி, தான் செலவழிக்கும் ஆற்றலைத் தானே உண்டாக்கும் கட்டடமாக வடிவமைக்க வேண்டும். வீடு, அடுக்குமாடி, அலுவலகம், கல்விக்கூடம், பேரிடர்க் காலத் தங்குமிடம் என்று பிரிவுகள் இருந்திருக்கின்றன. கட்டடத் தொழிலாளர்கள் வேலையிடத்தில் தங்கும் குடியிருப்புக்கும் ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்தது அதுதான். எல்லாத் துறை மாணவர்களும் சேரலாம், வெவ்வேறு கல்லூரிகள் ஒரே அணியாகலாம்.

கல்லூரிகளுக்குத் தடையாக இருப்பது பணத்தைவிட நேர அட்டவணை. நம் பருவம் ஒரு மாதம் தொடங்கும், ஜெர்மனியின் பருவம் இன்னொரு மாதம் தொடங்கும். அமெரிக்காவின் கிழக்குக் கரையோடு பேச வேண்டுமானால் நமக்கு ராத்திரி. ஆனால் பக்கத்துக் கட்டடத்திலிருக்கும் சிவில் துறையோடு பேச அந்தத் தடைகூட இல்லை. வாரத்தில் ஒரு பிற்பகல், இரண்டு துறைக்கும் பொதுவாக, கிரெடிட்டும் மதிப்பெண்ணும் உள்ள பாடமாக இருந்தால் போதும். மதிப்பெண் இல்லாத கூட்டுப் பணி, தேர்வு நெருங்கும்போது தானாகக் கலைந்துவிடுகிறது. எடுத்த முடிவுகளை ஒரே நோட்டில் யார், எப்போது, ஏன் என்று எழுதிவைக்கச் சொல்லுங்கள். கடைசியில் அளந்து பார்க்கும் ஏதாவது ஒன்று இருக்கட்டும்: ஒரு சுவர், ஒரு ஜன்னல் மறைப்பு, வகுப்பறைக் கூரையின் ஒரு பகுதி. செய்து அளக்காத கூட்டுப் பணி, ஊர் சுற்றிப் பார்த்து வந்த சுற்றுலாவாக முடியும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையை ஆர்க்கிடெக்சரிலோ இன்ஜினீயரிங்கிலோ சேர்க்கப் போகும்போது வேலைவாய்ப்புச் சதவீதத்தைக் கேட்கிறோம், ஹாஸ்டலைப் பார்க்கிறோம். கூடவே இதையும் கேளுங்கள்: வேறு துறைப் பிள்ளைகளோடு சேர்ந்து எதையாவது கட்டி, அதை அளந்து பார்க்கும் பாடம் இந்தக் கல்லூரியில் உண்டா? நிறையப் பேர் கேட்டால் கல்லூரிகள் பதில் தேட ஆரம்பிக்கும்.

வீடு கட்டப்போகிறவர்கள் இன்னும் பொறுத்திருக்க வேண்டாம். வானம் தோண்டுவதற்கு முன்பே ஆர்க்கிடெக்ட், இன்ஜினீயர், மேஸ்திரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லோரையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் உட்காரவையுங்கள். கட்டில் எங்கே, ஃபேன் எங்கே, ஏசிக் குழாய் எந்த வழி, தொட்டி எந்தத் தூணின் மேல், சோலார் தகட்டுக்கு நிழலில்லாத இடம் எது என்று அவர்கள் ஒருவர் முன் ஒருவர் பேசட்டும். வீட்டில் சமைக்கிறவர், துணி துவைக்கிறவர், வயதானவர்கள் எல்லோரும் அந்தப் பேச்சில் இருக்கட்டும். ஒரு காபிச் செலவில் முடிகிற வேலை. பின்னால் சுவரை உடைக்கும் செலவு மிச்சமாகும்.